சுடாத துப்பாக்கியும் சொல்லாத கதையும்

பங்கு அலுவலக மேசையில் நமக்கு இடப்புறம் இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்று ஞானஸ்நானப் பதிவேடு; மற்றொன்று இறந்தோர் பதிவேடு. இரண்டிலும் எழுதுவது ஒரே பேனாதான். ஒப்பமிடுவதும் ஒரே கைதான். காலையில் ஒரு குழந்தையின் பெயரை முதல் ஏட்டிலும், மாலையில் ஒரு முதியவரின் பெயரை இரண்டாம் ஏட்டிலும் எழுதிய நாட்கள் பல உண்டு. துப்பாக்கிகளுக்கும் இவ்வாறு பிறப்பையும் இறப்பையும் ஒரே கூரையின்கீழ்ப் பதிந்து வைக்கும் வீடு ஒன்று இருக்கிறது என்பதை நாம் இங்கிலாந்து சென்ற பின்னரே அறிந்தோம். அதை நமக்கு அறிவித்தவர் ஒரு பெரியவர். துப்பாக்கியைப் பற்றி மட்டுமின்றி, வேறு சிலவற்றையும் அவரிடமே கற்றோம்.

2015ஆம் ஆண்டின் இறுதியில் நம் ஆயர் அவர்களின் அனுமதியோடு பர்மிங்காம் நகரின் புறத்தே உள்ள ஒரு பங்கில் மூன்றாண்டுக் காலம் பணியாற்றச் சென்றோம். குளிரும் தனிமையும் வாட்டிய அந்த முதல் மாதங்களில் நமக்குத் துணையாக இருந்தவர் அப்பெரியவர். வயது எழுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஆலயத்தின் பூட்டுகளைப் பழுது பார்ப்பதும், வெந்நீர்க் குழாய்களைச் சீர் செய்வதும், ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துவதும் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார்.

ஒருநாள் தேநீருக்கு அழைத்தார். பருகி முடித்ததும், “ஃபாதர், உங்களுக்கு ஒன்றைக் காட்ட வேண்டும்” என்று மாடியிலிருந்த ஓர் அறையின் கதவைத் திறந்தார். நாம் வாயிலிலேயே நின்றுவிட்டோம். சுவர் முழுவதும் துப்பாக்கிகள்! முப்பதுக்கும் மேல் இருக்கும். துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. காணிக்கைத் தட்டு ஏந்தும் கைகளா இவற்றைச் சேகரித்தன என்று நம் மனம் உடனே தீர்ப்பு எழுதத் தொடங்கிவிட்டது. நம் முகத்தை அவர் படித்துவிட்டார் போலும். “அஞ்சாதீர்கள், ஃபாதர். இவற்றில் ஒன்றுகூடச் சுடாது. எல்லாம் இறந்தவை. இறப்புச் சான்றிதழும் என்னிடம் இருக்கிறது” என்று சொல்லி ஒரு கோப்பை எடுத்து நீட்டினார்.

அந்தச் சான்றிதழ்களின் வரலாறு இது. துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்போன பர்மிங்காமில், 1813ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தின் வழி ஒரு சோதனை இல்லம் நிறுவப்பட்டது. லண்டனில் அதற்கும் முன்னரே, 1637இல் அரச பட்டயம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு அத்தகைய இல்லம் ஒன்று உண்டு. புதிதாகச் செய்த துப்பாக்கியில் வழக்கத்தைவிட மிகுதியான மருந்தை இட்டு அங்கே சுட்டுப் பார்ப்பர். குழல் வெடிக்காமல் தாங்கினால் அதன்மீது முத்திரை குத்துவர். அம்முத்திரையே துப்பாக்கியின் பிறப்புச் சான்று. 1988ஆம் ஆண்டில் இதே இல்லங்களிடம் வேறொரு பணியும் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டு மாதம், ஹங்கர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் ஒருவன் பதினாறு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். நாடே நடுங்கியது. ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தில் ஒரு பிரிவு: இனி ஒருபோதும் சுட இயலாதபடி ஒரு துப்பாக்கி செயலிழக்கச் செய்யப்பட்டு, அவ்வாறே செய்யப்பட்டது என்று சோதனை இல்லம் முத்திரையிட்டுச் சான்றும் வழங்கினால், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி அன்று, வெறும் பொருள். அதை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியதில்லை.

செயலிழக்கச் செய்வது எப்படி என்பதை, சுவரிலிருந்து ஒன்றை இறக்கி மேசைமேல் வைத்து விளக்கினார். குழலில் நீளவாட்டில் ஒரு பிளவு அறுக்கப்பட்டிருந்தது. தோட்டா அமரும் இடத்தில் எஃகுத் தண்டு ஒன்றைச் செருகிப் பற்றவைத்திருந்தார்கள். தோட்டாவின் பின்புறத்தை அடித்துப் பொறியெழுப்பும் ஊசியை நீக்கி, அதன் துளையையும் அடைத்திருந்தார்கள். ஆயினும் பழைய முறைப்படி செய்த அத்துப்பாக்கியின் உள்ளுறுப்புகள் பல அசைந்தன. பின்புறத்து போல்டைப் பிடித்து இழுத்தார், வழுவழுவென்று வந்தது. முன்தள்ளி விசையை அழுத்தினார். ‘க்ளிக்’ என்றது. அந்த ஓசையில் அவருக்கு ஏதோ ஒரு நிறைவு. ஒரு கடிகாரக்காரர் கடிகாரத்தின் துடிப்பைக் கேட்பதுபோல் கேட்டார்.

பின்னர் நம்மை அருகே அழைத்து, போல்டின் அருகே உலோகத்தில் பதித்திருந்த எழுத்துக்களைக் காட்டினார். மணிமுடி, அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்னும் அரசரின் குறியெழுத்துக்கள்; அதற்கும் கீழே ‘இஷாப்பூர்’, 1942. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அல்லவா அது! அங்கிருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 303 ரக ரைபிள் அது. நம் சிறுவயதில் தேர்தல் நாட்களிலும் திருவிழா நாட்களிலும் போலீஸ்காரர் தோளில் கண்டு, ‘திரீ நாட் திரீ’ என்று நாம் கிசுகிசுத்த அதே ரைபிள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மாடி அறையில் அது நம்மை எதிர்கொண்டது.

“இதைத்தான் முதலில் வாங்கினேன். 1991இல்” என்றார். அவருடைய தந்தையார் இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் போரிட்டவர். 1944இல் கோஹிமா மலையில் இருந்தவர். திரும்பி வந்தபின் போரைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. இரவுகளில் அலறி எழுவாராம்; காலையில் ஒன்றும் நடவாததுபோல் வேலைக்குப் புறப்பட்டுவிடுவாராம். அவர் இறந்தபின் பெட்டியில் கிடைத்தது ஒரே ஒரு நிழற்படம். மெலிந்த ஓர் இளைஞன் இத்தகைய ரைபிள் ஒன்றைப் பற்றிக்கொண்டு வெயிலில் கண்களைச் சுருக்கி நிற்கிறான். “அப்பா வாயால் சொல்லாததை, அவர் கையிலிருந்த பொருளாவது சொல்லுமா என்று பார்த்தேன், ஃபாதர். ஒன்று சொல்லவில்லை என்று இன்னொன்றை வாங்கினேன். இப்படியே முப்பது சேர்ந்துவிட்டது” என்று சொல்லிச் சிரித்தார். வாயிலில் நின்று நாம் எழுதிய தீர்ப்பை அங்கேயே கிழித்துப் போட்டோம்.

அறைக்குள்ளே அவர் தம் தந்தையைத் தேடிக்கொண்டிருக்க, வெளியே சட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. 1995இலேயே தானியங்கித் துப்பாக்கிகள் போன்றவற்றைச் செயலிழக்கச் செய்யும் அளவுகோலைக் கடுமையாக்கியிருந்தார்கள். முன்னரே சான்று பெற்றவற்றை அப்போது யாரும் தொடவில்லை. ஆனால் 2015இல் பாரிஸ் நகரில் நிகழ்ந்த கொடுமைகள் ஐரோப்பாவை உலுக்கின. அவ்வாண்டு ஜனவரித் தாக்குதலில் பயன்பட்ட துப்பாக்கிகள் சில, வெறும் சத்தம் மட்டும் எழுப்பும்படி மாற்றப்பட்டு ஸ்லோவாக்கியாவில் கடையில் விற்கப்பட்டவை என்றும், அவற்றை மீண்டும் கொல்லும் ஆயுதங்களாக மாற்றியிருந்தார்கள் என்றும் தெரிய வந்தது. இறந்தது என்று எண்ணியது உயிர்பெற்று எழுந்துவிட்டது! நவம்பரில் மீண்டும் தாக்குதல். நூற்று முப்பது பேர் மாண்டனர். டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எல்லா நாடுகளுக்கும் பொதுவான புதிய விதிகளை இயற்றியது. அவை 2016 ஏப்ரல் 8 முதல் செயலுக்கு வந்தன. புதிய விதிப்படி உறுப்புகள் அசையவே கூடாது. போல்டு, விசை, குழல், தோட்டாப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றையும் கழற்றவோ இயக்கவோ முடியாதபடி பற்றவைத்து இறுக்கிவிட வேண்டும்.

பிரிட்டன் இதற்கேற்பத் தன் சட்டத்தைத் திருத்தியது. 2017 மே மாதம் முதல், புதிய அளவுகோலுக்கு உட்படாத பழைய துப்பாக்கிகளை ஒருவர் தம்மிடம் வைத்திருக்கலாம். ஆனால் விற்கலாகாது, பரிசாகவும் கொடுக்கலாகாது. மீறினால் குற்றம். அத்தகைய துப்பாக்கிகளுக்குச் சட்டம் இட்ட பெயர், ‘குறைபாடுடன் செயலிழக்கச் செய்யப்பட்டவை’ என்பது. பெரியவருக்கு உறுத்தியது அந்தப் பெயர்தான். “அரசாங்கம் சொன்னபடி செய்தேன், அரசாங்கம் அங்கீகரித்த முத்திரை இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. நான் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. உறங்கி எழுவதற்குள் எல்லாம் குறைபாடுடையவை ஆகிவிட்டன” என்றார்.

அவர் இழந்தது சிறிதன்று. முதுமையில் தேவைப்பட்டால் சிலவற்றை விற்றுக்கொள்ளலாம் என்று எண்ணி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை அவை. இனி ஒவ்வொன்றையும் பணம் கட்டிப் புதிதாகப் பற்றவைத்தாலொழிய விற்க முடியாது. பற்றவைத்தாலோ, அவர் போற்றிய உள்ளமைப்பு அழிந்து வெறும் இரும்புக் கட்டை ஆகிவிடும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் இஷாப்பூர் ரைபிளைத் தருவதாக வாக்களித்திருந்தார். அவ்வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

வாசக அன்பர்களே, இங்கே நமது பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மனம் நொந்து அமர்ந்திருந்த ஒரு மாலையில், ஆறுதல் சொல்லுவதாக எண்ணிக்கொண்டு நாம் சொன்னோம்: “குடும்பத்துக்குள்தானே கொடுக்கப் போகிறீர்கள்? வெளியாருக்கு விற்கவில்லையே! பேரன் வீட்டில் ஒருநாள் வைத்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? யாருக்கு என்ன தீங்கு?”

பெரியவர் சிறிது நேரம் நம்மையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஃபாதர், நான் நாற்பது வருடம் உலோகத்தோடு பழகியவன். இந்த அறையில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை எவனாலும் எழுப்ப முடியாது. அதை நான் அறிவேன். ஆனால் இரண்டு மூன்றைப் பற்றி அப்படிச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. கைத்திறனும் கெட்ட எண்ணமும் உள்ள ஒருவன் கையில் அவை கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு இரவில் தோன்றுகிறது. சட்டம் என்னைச் சந்தேகிக்கவில்லை. என் வீட்டுக்குத் திருட வரக்கூடியவனைச் சந்தேகிக்கிறது. தவிர, பேரனுக்கு நான் கொடுக்கப் போகும் முதல் பெரிய பரிசு ஒளித்து வைக்க வேண்டிய பரிசாக இருக்கலாமா?”

நமக்குப் பேச்சு எழவில்லை. மறையுரை மேடையிலிருந்து நாம் சொல்ல வேண்டியதை, நாற்காலியில் அமர்ந்து அவர் சொல்லிவிட்டார். ‘குடும்பத்துக்குள்தானே’ என்று சொல்லிக்கொண்டே எத்தனை விதிகளை நம் இல்லங்களில் நாம் அனைவரும் வளைத்துவிடுகிறோம்!

அதற்காக, சட்டம் சொன்னது எல்லாமே சரி என்று அவர் கைகட்டி நிற்கவும் இல்லை. தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு மரியாதையுடன் ஒரு கடிதம் எழுதினார். நாமும் வாசித்தோம். எந்த வகைத் துப்பாக்கியில் ஆபத்து உண்டு, எதில் இல்லை என்பதை ஒரு தொழிலாளியின் தெளிவோடு எழுதியிருந்தார். விதிகள் அவசரத்தில் எழுதப்பட்டவை, பல இடங்களில் தெளிவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதற்குச் சான்றாக, அவ்விதிகளை ஐரோப்பிய ஒன்றியமே 2018இல் திருத்தி எழுதியது; திருத்தம் ஜூன் 28 முதல் செயலுக்கு வந்தது. ஆனால் கடிதம் எழுதிவிட்டோம் என்பதற்காக அவர் சட்டத்தை ஒருநாளும் மீறவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார். செய்ய வேண்டியதைச் செய்தார்.

திருத்தம் வந்ததும் ரைபிளை ஒரு துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்துப் புதிய அளவுகோலின்படி செயலிழக்கச் செய்தார். அது சோதனை இல்லம் சென்று, புதிய முத்திரையோடும் புதிய சான்றிதழோடும் திரும்பி வந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது நாமும் உடனிருந்தோம். வழக்கம்போல் போல்டைப் பற்றினார், அது அசையவில்லை. விசையில் விரல் வைத்தார், அதுவும் அசையவில்லை. நெடுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். இறந்தவரின் நெற்றியில் கை வைத்து நிற்பவர்களை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். அப்படி இருந்தது.

2018 நவம்பர் 11 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. முதல் உலகப்போர் ஓய்ந்து சரியாக நூறு ஆண்டுகள் நிறைந்த நாள். மக்கள் சட்டையில் சிவப்புக் கசகசா மலர் குத்திக்கொண்டு திருப்பலிக்கு வந்திருந்தனர். பலி முடிந்தபின் பெரியவர் இல்லத்தில் மகளும் மருமகனும் பேரனும் கூடினர். ரைபிளையும் சான்றிதழையும் பேரனின் கையில் கொடுத்தார். இளைஞன் ஆவலோடு போல்டை இழுத்துப் பார்த்தான். சிறுவயதில் அந்த ‘க்ளிக்’ ஓசையைப் பலமுறை கேட்டு மகிழ்ந்தவன் அவன்.

“தாத்தா, இது அசையவே இல்லையே!”

“ஆம், இனி அசையாது. இத்தனை நாள் அது ஓசை எழுப்பும். நான் பேசாமல் இருந்துவிடுவேன். இனி நான்தான் பேச வேண்டும்” என்றார்.

பேசினார். தம் தாயாரிடம் தந்தையார் ஒரே ஒருமுறை, ஒரே ஓர் இரவு சொன்னதை முதன்முறையாகப் பேரனிடம் சொன்னார். கோஹிமாவில் காயமுற்றுக் கிடந்த தம்மை, இந்தியர் ஒருவர் தூக்குக் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து, மழையிலும் சேற்றிலும் மலையிலிருந்து இறக்கினார் என்பது. வழியில் மூன்றுமுறை வழுக்கி விழுந்தும் அம்மனிதர் பிடியை விடவில்லை என்பது. அவர் பெயரைக் கேட்கத் தவறியதுதான் தம் வாழ்நாள் வருத்தம் என்று தந்தை அழுதார் என்பது. அறையில் எல்லோரும் அமைதியாயினர். மகள்கூட அதைக் கேட்டதில்லையாம். பெரியவர் நம் பக்கம் திரும்பி, “நீங்கள் முதன்முதல் என் வீட்டுக்கு வந்த நாளிலேயே இதைச் சொல்ல நினைத்தேன், ஃபாதர். துப்பாக்கியைக் காட்டுவது சுலபமாக இருந்தது” என்றார்.

பேரன் எழுந்து சென்று ஒரு தாள் கொண்டுவந்து, கேட்டதையெல்லாம் அப்படியே எழுதினான். அதைச் சான்றிதழோடு சேர்த்து ஒரே உறையில் வைத்தான். எஃகு தன் வேலையை முடித்துக்கொண்டதால் அக்கதை வெளிவந்தது என்றே இன்றும் நமக்குத் தோன்றுகிறது.

எஞ்சிய துப்பாக்கிகளுக்கும் அவர் ஒரு வழி செய்தார். தம்மால் சத்தியம் செய்ய இயலாத அந்த இரண்டு மூன்றை முதலில் அறுத்து அழிக்கக் கொடுத்தார். மற்றவற்றில் சிலவற்றைப் புதிய முறைப்படி மாற்றினார்; சிலவற்றை நாளடைவில் அறுக்கக் கொடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எண், வாங்கிய நாள், சான்றிதழ் விவரம், என்ன ஆயிற்று என்பதையெல்லாம் எழுதி வைத்தார். 2019இல், இத்தகைய துப்பாக்கிகளைக் கைமாற்றினால் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தபோது, அதற்கும் ஒரு பத்தி சேர்த்ததாகக் கடிதம் எழுதினார். 2021இல் அவர் இறைவனடி சேர்ந்தார். “அப்பா எங்களுக்கு ஒரு சிக்கலையும் வைத்துச் செல்லவில்லை. எல்லாம் அந்த நோட்டிலே இருந்தது” என்று மகள் எழுதியிருந்தார். நாம் இறந்தோர் பதிவேட்டில் எழுதும் எத்தனையோ பெயர்களுக்குப் பின்னால், இப்படி எழுதக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம்.

தாயகம் திரும்பி, மலையடிவாரத்துப் பங்கு ஒன்றில் பணியேற்றபோது ஒரு குடும்பத்தார் நம்மிடம் வந்தனர். பழைய வீட்டைப் பிரிக்கையில், பரணில் கொள்ளுத்தாத்தா காலத்து மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று கிடைத்ததாம். கூடவே, அண்மையில் காலமான தந்தையாரின் லைசென்ஸ் துப்பாக்கியும் பீரோவில் இருந்தது. “சாமி, பழையது துருப்பிடித்துப் போயிற்று. சும்மா சுவரில் மாட்டிக்கொள்ளலாமா? அப்பாவுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?” என்று கேட்டனர்.

நம் நாட்டு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழங்கால ஆயுதங்களுக்கும் பழுதானவற்றுக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுட இயலாததாக இருக்க வேண்டும். பர்மிங்காம் பெரியவர் இரவில் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட அதே கேள்வி! துருப்பிடித்தது என்பது போதாது. இனி எழுப்ப முடியாதது என்பதே வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து நாமோ அவர்களோ முடிவு செய்ய முடியாது. லைசென்ஸ் பெற்றவர் இறந்துவிட்டாலோ, 21ஆம் பிரிவின்படி காலம் தாழ்த்தாமல் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுகள் முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்துள்ளது. பரம்பரைச் சொத்து என்றாலும் அவ்வரம்பு பொருந்தும். இங்கும் சட்டம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மூத்த மகன் சற்றுத் தயங்கி, “குடும்பத்துக்குள்தானே, சாமி?” என்றார்.

நம் சொற்கள் நம்மிடமே திரும்பி வந்தன. இம்முறை நாம் தவறவில்லை. மறுநாளே இரண்டையும் காகிதங்களோடு காவல் நிலையம் கொண்டு செல்லும்படி சொன்னோம். துணைக்கு நாமும் சென்றோம். புறப்படும் முன், கொள்ளுத்தாத்தா யார், எதற்காக அதை வைத்திருந்தார் என்று வீட்டுப் பாட்டியைக் கேட்டோம். கரும்புக் காட்டில் பன்றி விரட்டிய கதையும், ஒருமுறை குறி தவறிப் பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டைச் சுட்டுவிட்டு, மூன்றாண்டுகள் உழைத்துக் கடனை அடைத்த கதையும் வெளிவந்தன. பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டனர். சுவரில் மாட்டியிருந்தால் அவர்கள் துப்பாக்கியைத்தான் பார்த்திருப்பார்கள்; கொள்ளுத்தாத்தாவை அறிந்திருக்கமாட்டார்கள்.

உங்கள் இல்லத்துப் பரணிலும் அப்படி ஏதேனும் இருக்கலாம். இருந்தால், காகிதங்களை இன்றே தேடி எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து, அதன் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.